பழைய பிக்கப்பில் பெட்ரோல் பைப் மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

1988இல் வந்த அமெரிக்க ஷெவ்ரோலே சி/கே பிக்கப்புகளில் இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜின் நன்றாக இருக்கும், கியர்பாக்ஸ் நன்றாக இருக்கும். அடியில் குனிந்து பார்த்தால்தான் வயிறு கலங்கும். அமெரிக்காவின் மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ பக்கம் பனி உருகுவதற்காகக் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். ஃபிரேமை ஒட்டி ஓடும் இரும்பு பெட்ரோல் பைப், கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் சேறும் உப்பும் தங்கி, கண்ணுக்குத் தெரியாமலே உளுத்துவிடும். பார்ட்ஸ் கவுன்ட்டரில் கேட்டால் "அது இப்போது வருவதில்லை" என்பார்கள். தவறுகள் ஆரம்பிப்பது அங்கேதான். கம்பெனி பைப் இல்லை என்றானதும், கைக்குக் கிடைத்த எந்தப் பைப்பும் போதும் என்று தோன்றிவிடுகிறது.

முதல் தவறை நானே செய்திருக்கிறேன். பழைய பைப் சுலபமாக வரவில்லை என்று மூன்று துண்டாக அறுத்து இழுத்து, அன்று மாலையே இரும்புக் குப்பையோடு அனுப்பிவிட்டேன். மறுநாள் புதுப் பைப்பை வளைக்க உட்கார்ந்தால், எந்த வளைவு எங்கே என்று தெரியவில்லை. கொடிக்கயிறு பிடித்து அளந்தேன். குறுக்குச் சட்டத்தின் மேல் ஏறி இறங்கும் ஒரு வளைவை மறந்ததில் ஒரு சாண் குறைந்தது. அறுக்கத்தான் வேண்டுமென்றாலும் அறுப்பதற்கு முன் படம் எடுங்கள், துண்டுகளுக்கு எண் போடுங்கள், வண்டி ஓடும்வரை எதையும் எறியாதீர்கள். உளுத்த பைப்தான் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வரைபடம்.

அடுத்தது, பிரஷர் தெரியாமல் ரப்பர் ஹோஸ் வாங்குவது. இந்த வண்டியிலேயே இது நன்றாக விளங்கும். 1995 வரை வந்த வி8 இன்ஜினில் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், அதாவது இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாயிலேயே பெட்ரோலைத் தெளிக்கும் முறை. பெட்ரோல் பிரஷர் சுமார் 9 முதல் 13 பி.எஸ்.ஐ.தான். 1996இல் வோர்டெக் என்ற புது இன்ஜின் வந்ததும் அது 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் போய்விட்டது. வெளியே பார்த்தால் அதே பாடி. "என் மச்சான் வண்டிக்கு இதே ஹோஸ்தான் போட்டோம், நான்கு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொன்னால், மச்சான் வண்டி எந்த வருஷத்து வண்டி என்று கேளுங்கள்.

ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதையும் படிக்க வேண்டும். 30ஆர்7 (30R7) என்று இருந்தால் அது கார்புரேட்டர் காலத்துச் சரக்கு, 50 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு 30ஆர்9 வேண்டும், அது 100 பி.எஸ்.ஐ. தாங்கும். டாங்குக்குள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு 30ஆர்10 என்று தனி ஹோஸே உண்டு. மற்றவை உள்ளிருந்து தாங்கினாலும், வெளிப்பக்கம் பெட்ரோலில் ஊறி உப்பிப் போகும். விலை வித்தியாசத்தைப் பார்த்து மலிவானதை எடுக்கத் தோன்றும். சரியான ஹோஸே என்றாலும் டாங்க் முதல் இன்ஜின் வரை ரப்பரிலேயே ஓட்டுவது வேண்டாம். ரப்பர் சின்ன இணைப்புகளுக்குத்தான்.

அப்படியானால் பைப்புக்கு எது? குழாய்க் கடையில் கிடைக்கும் செப்புப் பைப் கையாலேயே வளையும், ஆசையாக இருக்கும். ஆனால் வண்டி அதிர அதிரச் செம்பு இறுகி, கடைசியில் விரிசல் விடும். பெட்ரோலையும் சீக்கிரம் கெடுத்துப் பிசின் கட்டவைக்கும். நிக்கல் பத்து சதவீதம் கலந்த செம்பு-நிக்கல் பைப் வேறு. பார்க்கச் செம்பு மாதிரியே இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது துருப்பிடிக்காது, வளைப்பதும் எளிது. என் ஓட்டு அதற்குத்தான். பெட்ரோலுக்கென்றே செய்த நைலான் பைப்பும் நல்லதுதான், சைலன்சர் பைப்பின் சூடு படாத பாதையில் போனால். ஸ்டெயின்லெஸ் நீடித்து உழைக்கும், ஆனால் வீட்டில் இருக்கும் சாதாரணக் கருவியால் அதன் முனையை விரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அளவு: இன்ஜினுக்குப் போகிற பைப் 3/8 அங்குலம், மிச்சப் பெட்ரோல் டாங்குக்குத் திரும்புகிற பைப் 5/16. 5/16 என்பது கிட்டத்தட்ட 8 மி.மீ. என்பதால், 3/8ஐயும் 10 மி.மீ. என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஒன்பதரை மி.மீ.தான். ஃபிட்டிங்கில் அந்த அரை மில்லிமீட்டர் போதும், ஒழுகுவதற்கு.

இணைப்பு விஷயத்தில் மூன்று கெட்ட பழக்கங்கள். ஒன்று, பைப்பைச் சும்மா அறுத்து அதன்மேல் ஹோஸைச் செருகி கிளிப் போடுவது. முனையில் மேடு எடுக்காவிட்டால் பிரஷரில் ஹோஸ் மெல்ல வழுக்கி வெளியே வந்துவிடும். கிளிப்பும் பட்டியில் வெட்டுப் போட்ட சாதா ரகமாக இருந்தால் ரப்பரை அறுத்துவிடும். ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளிப் வாங்குங்கள். அப்புறம் பித்தளைக் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்: தண்ணீர்க் குழாய்க்கு அருமை, 60 பி.எஸ்.ஐ. பெட்ரோலுக்கு வேண்டாம். மூன்றாவது டெஃப்லான் டேப். இந்த வண்டியின் ஃபில்டர் இணைப்பில் ஒழுகாமல் அடைப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். டேப் சுற்றினால் பயன் ஒன்றுமில்லை. பிய்ந்த நூல் இன்ஜெக்டரில் போய் உட்காரும். புது ஓ-ரிங் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓட்டை விழுந்த அரை அடியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவதும் வீண் வேலை. அங்கே துரு தின்றிருந்தால் அடுத்த கிளிப்பிலும் தின்றிருக்கும். டாங்குக்கு மேலே கை போகவில்லையா? டாங்கை இறக்குவதைவிட, பின்பக்கச் சரக்குத் தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்ரோல் ஊற்றும் குழாயையும் விளக்கு ஒயரையும் பிரித்துவிட்டு, நாலு பேராகத் தூக்கி ஓரமாக வைப்பது பல சமயம் எளிது.

இதெல்லாம் ஆரம்பிக்கும் முன், பெட்ரோல் பம்புக்குப் போகும் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். குண்டு பல்ப் விளக்கு வண்டிக்கு அடியில் வேண்டாம். சூடான பல்பில் பெட்ரோல் சொட்டி உடைந்தால் தீதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். கராஜ் மூலையில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போங்கள்.

பூட்டி முடித்ததும் நேராக ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பம்ப் இணைப்பையும் பேட்டரியையும் மாட்டி, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால் பம்ப் இரண்டு வினாடி ஓடி நிற்கும். மூன்று நான்கு முறை அப்படிச் செய்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். டிஷ்யூ காய்ந்து வந்தால் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேறிய பின் இன்னொரு தடவை. நான் மறுநாள் காலையிலும் ஒருமுறை அடியில் படுத்துப் பார்ப்பேன்.