பிக் லைனுடன் மலைக்குத் திரும்பியவர்களுக்கு: ரத்தத்தில் தொற்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும் முறை

கோயம்புத்தூரில் கீமோ ஏற்றிக்கொண்டு, கையில் பிக் லைனுடன் கோத்தகிரிக்குத் திரும்பிய என் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். மேல்கையில் நுழைந்து இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய் வரை செல்லும் அந்த மெல்லிய குழாயின் வெளிமுனையில் கிருமி ஒட்டினால், அது நேராக ரத்தத்தில் கலந்துவிடும். கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்த உடலுக்கு அதை எதிர்க்கும் வலு இருக்காது. பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் கிருமிகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன.

முதலில் கை. இங்கே குழாய்த் தண்ணீர் விரல்களை விறைக்க வைப்பதால் பலரும் பேருக்கு நனைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியில் ஈரம் போகத் துடையுங்கள்.

அடுத்து, லைனின் மூடிமுனையை ஸ்பிரிட் பஞ்சால் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்த்து, தானாக உலர விடுங்கள், வாயால் ஊதாதீர்கள். லைன் அடைபடாமல் இருக்க அதில் சலைன் (உப்புநீர்) செலுத்துவது நர்ஸிடம் நேரில் பழகியவரின் வேலை. 10 மில்லி சிரிஞ்சுக்குச் சிறியதை எடுக்காதீர்கள், அதன் அழுத்தம் குழாயையே கிழித்துவிடலாம்.

லைன் நுழையும் இடத்தை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ அன்றே மாற்ற வேண்டும். ஸ்வெட்டரின் இறுக்கமான கை அந்த ஓரத்தைத்தான் உரசிக் கிளப்புகிறது என்பதால், அம்மாவுக்கு முன்பக்கம் திறக்கும் தளர்வான ஸ்வெட்டராகப் போட்டுவிட்டோம்.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஒரு மார்கழி மாலை, சலைன் செலுத்திய அரை மணி நேரத்தில் அம்மாவுக்குப் பற்கள் தந்தியடித்தன. "குளிர்தான், இன்னொரு கம்பளி கொடு" என்றார், நானும் போர்த்திவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டர் 102 காட்டியது. லைன் நுழையும் இடத்தில் சிவப்போ சீழோ எதுவும் இல்லை. தோல் சுத்தமாக இருக்கும்போதே குழாயின் உள்ளே தொற்று இருக்கலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

ஆகவே நடுக்கம் வந்தால் கம்பளிக்கு முன் தெர்மாமீட்டரை எடுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவரை அழையுங்கள். காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் இருந்தாலும் அழையுங்கள். அவரிடம் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, நோய் மறையாமல் இருக்கும். மருத்துவமனையில் லைனிலிருந்தும் மறுகை நரம்பிலிருந்தும் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் வைப்பார்கள்; லைன் ரத்தத்தில் கிருமி 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி வளர்ந்தால், தொற்று லைனிலிருந்து வந்ததாகக் கொள்வார்கள். ஆனால் அந்த முடிவுக்குக் காத்திராமல், போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். இரவுப் பனிமூட்டத்தில் மலைப்பாதை இறங்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதால், முதல் ஊசியை மலையிலேயே எங்கே போடலாம் என்று முதல் கீமோ நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். லைன் வைத்த தேதி, கடைசிக் கீமோ தேதி, ஒவ்வாத மருந்துகள், மருத்துவரின் எண், இரவில் வண்டி எடுக்கச் சம்மதித்த ஓட்டுநரின் எண் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, எங்கள் வீட்டில் வாசற்கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.