யாழினி என்று பெயர் வைக்கப் போகிறவர்களுக்கு

உறவிலும் நட்பிலும் குழந்தை பிறந்தால் தமிழ்ப் பெயர் கேட்டு என்னிடம் வருவார்கள். யாழையும் இனிமையையும் சேர்த்து இந்தக் காலத்தில் உருவான 'யாழினி' பலருக்கும் பிடித்துவிடுகிறது. அருமையான பெயர். ஆனால் அதை வைப்பவர்கள் ஒரே பிழைகளைத்தான் மாறி மாறிச் செய்கிறார்கள்.

யாழை வீணை என்பது

'வீணை மீட்டுபவள்' என்று பெயர்ப் பட்டியல்கள் பொருள் சொல்கின்றன. யாழ் வேறு, வீணை வேறு. வீணையில் தண்டின் குறுக்கே பதித்த மெட்டுகளில் ஒரே தந்தியை அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழுக்கு மெட்டு கிடையாது. நரம்புக்கு ஒரு சுரம்தான். பேரியாழுக்கு 21 நரம்புகள் இருந்தது அதனால்தான். வழக்கொழிந்த அந்தக் கருவியை ஆராய்ந்து ஈழத்துத் தமிழறிஞர் விபுலானந்த அடிகள் 1947இல் 'யாழ் நூல்' தந்தார். மகளுக்குச் சொல்ல இவ்வளவு இருக்கும்போது வீணை எதற்கு?

சங்ககாலப் பெயர் என்பது

இல்லை. சங்கப் பாடல்களில் யாழ் உண்டு, பாட்டுப் பாடும் பெண்ணான பாடினி உண்டு. யாழினி அந்தப் பாடினியின் சாயலில் நம் காலத்தார் ஆக்கிக்கொண்டது.

எண் கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டுவது

வேண்டவே வேண்டாம்.

ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். இலங்கை வழக்கில் ஆர்-எல் என்றும் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மருத்துவமனைப் படிவத்தைத் தாய்மாமன் எல் போட்டு நிரப்பிவிட்டார். பிறப்புச் சான்றிதழும் அப்படியே வந்தது. ஆதாருக்குத் தந்தை இசட்-எச் போட்டார். பாஸ்போர்ட்டுக்குப் போனபோது இரண்டும் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் தந்தை வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். தாயும் மகளும் அவரிடம் போய்ச் சேர மாதக்கணக்கில் அலைந்தார்கள். ஒற்றை எழுத்துக்காக!

படிவத்தில் பெயரை எழுத அவ்வளவு அவசரம் தேவையே இல்லை. பிறப்பைத்தான் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதங்கள் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை. பெயரை இரு மொழியிலும் ஒரு தாளில் எழுதி, பெற்றோர் இருவரும் சரிபார்த்த பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

செல்லமாகச் சுருக்குவது

யாழ், யாழு இரண்டும் அழகு. 'யாழி' மட்டும் வேண்டாம். ழகரம் வராத வாயில் அது கோயில் தூணில் நிற்கும் யாளியாகிவிடும்.