மாங்காய் மண்டியில் ஒரு விலைப்பேச்சு: வசனம் இல்லாமல் எடுப்பது எப்படி?

மொபைலிலேயே எடுக்கலாம். இடம் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்காய் மண்டி. கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா ரக மாங்காய் லோடுடன் விவசாயி வந்திருக்கிறார். மண்டிக்காரர் சொல்கிற விலை கட்டுப்படியாகவில்லை. யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை ஃபிரேமே சொல்ல வேண்டும்.

1. கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கொட்டகைக்கு வெளியே இருக்கும் வெயிலுக்கு முகம் கறுத்துவிடும்.

2. முதலில் வைடு ஷாட், அதாவது இடம் முழுக்கத் தெரிகிற காட்சி. ஃபிரேம் முழுக்க மாங்காய்க் குவியல், ஓரத்தில் சின்னதாக விவசாயி. விலை ஏன் இறங்குகிறது என்பதற்கு அந்தக் குவியலே பதில்.

3. அடுத்து கேமராவின் உயரம். மண்டிக்காரர் நாற்காலியில், விவசாயி நின்றபடி. இருவரையும் ஒரே ஃபிரேமில் வைத்தால் நிற்பவர்தான் பெரியவராகத் தெரிவார், கதை தலைகீழாகிவிடும். அதனால் தனித்தனியாக எடுங்கள். மண்டிக்காரரை அவர் முழங்கால் உயரத்திலிருந்து மேல்நோக்கி. விவசாயியை அவர் தலைக்குச் சற்று மேலிருந்து கீழ்நோக்கி. சற்றுதான்! அதிகமானால் வில்லன் அறிமுகக் காட்சி ஆகிவிடும்.

4. பலரும் இடறுவது இங்கேதான். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா அதன் ஒரே பக்கத்தில், 180 டிகிரிக்குள் இருக்க வேண்டும். விவசாயி வலப்பக்கம் பார்த்தால் மண்டிக்காரர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் இருவரும் ஒரே திசையில், யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுவது போல இருக்கும். எடுக்கும்போது தெரியாது, எடிட்டிங்கில்தான் தெரியும். மண்டியில் லாரி வந்தால் நகரத்தான் சொல்வார்கள்; பதற்றத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றுவிடுவோம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். தாண்டியே ஆக வேண்டுமா? நடுவில் தராசின் குளோஸப் ஒன்றைச் செருகினால் உறுத்தல் குறையும்.

5. விலை சொன்ன பிறகு விவசாயியின் முகம். வழக்கமாக, பார்க்கிற திசையில்தான் இடம் விடுவோம். இங்கே மாற்றுங்கள்: அவர் பார்க்கும் பக்கம் ஃபிரேமின் விளிம்பு முகத்தை ஒட்டி இருக்கட்டும், காலியிடம் முதுகுக்குப் பின்னால். போக வழியில்லாத ஆள் என்று தெரியும்.

கிம்பல் (ஆட்டமில்லாமல் எடுக்க உதவும் கைப்பிடி) வாங்காதீர்கள், இந்தக் காட்சிக்கு சாதாரண டிரைபாட் போதும். மொபைலின் 0.5 (அகலக் கோண) லென்ஸில் முகத்தைக் கிட்டத்தில் எடுக்கவே வேண்டாம், மூக்கு பெரிதாகிவிடும். 2x வைத்துப் பின்னால் தள்ளி நில்லுங்கள்.

பின்சேர்க்கை: ரீல்ஸுக்கு நெட்டுவாக்கில் எடுத்தால் இருவரும் அடங்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ஒருவர் தோள் முன்னால், மற்றவர் முகம் அதற்குப் பின்னால். அப்போதும் சாக்பீஸ் கோடு அப்படியேதான்.