சாரல் காலத்தில் தக்காளி நாற்று: முதலில் வெளிச்சம், அப்புறம்தான் உரம்

ஆனி பிறந்தால் எங்கள் செங்கோட்டையில் வெயில் முகம் காட்டுவதே அபூர்வம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலையும் கூட்டிக்கொண்டு வரும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் ஆடிப் பட்டத்தில் தக்காளி நடவேண்டும் என்றால் ஆனியிலேயே விதை போட்டாக வேண்டும், அந்த ஆனியில்தான் வானம் நாள் முழுக்க மூடிக்கிடக்கும்.

முதல் வருஷம் நான் பி.கே.எம். 1 என்கிற தக்காளி ரகத்தின் விதையைத் தட்டில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தேன். ஆறாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் பார்த்தால் தண்டு சேமியா மாதிரி நீண்டு, எல்லாம் ஜன்னல் பக்கமே சாய்ந்து கிடந்தன. சத்துக் குறைவு என்று நானே முடிவுகட்டி, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தில் ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி ஊற்றினேன். இரண்டே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிய அப்பளம். தட்டைத் தூக்கிக்கொண்டு உரக்கடைக்குப் போனபோது அண்ணாச்சி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "ஏம்மா, அதுக்குப் பசியில்ல. இருட்டுல கிடக்கு."

அதனால் இந்தச் செய்முறையில் உரம் கடைசியாகத்தான் வரும். அவசரப்பட்டு அங்கே தாவ வேண்டாம்.

தட்டும் நார்க்கழிவும்

98 குழி உள்ள குழித்தட்டு இரண்டு வாங்குங்கள். தென்னை நார்க்கழிவு கட்டியாகக் கிடைக்கும், புனலூர்ப் பக்கம் சகிரிச்சோறு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கட்டியை வாளியில் ஊறவைத்தால் பொங்கிப் பல மடங்காகும். அப்படியே எடுத்துத் தட்டில் போட்டுவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும், முதலில் பிழிகிற தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். இரண்டு மூன்று தடவை அலசி, தண்ணீர் தெளிந்த பிறகு மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் சேருங்கள். கையில் பிடித்து அழுத்தினால் இரண்டு மூன்று சொட்டு வடிய வேண்டும், அதுதான் சரியான ஈரம்.

குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே லேசாக நார்க்கழிவு. விதையைச் சூடோமோனாஸ் பொடியில் (நாற்றழுகலைத் தடுக்கிற நல்ல பாக்டீரியா) புரட்டிப் போட்டால் நல்லது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பிளாஸ்டிக் தாளால் மூடி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். இந்த நாட்களில் வெளிச்சம் தேவையே இல்லை.

நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் தாளைத் தூக்கிப் பார்க்க வேண்டும், இதில் மட்டும் சோம்பல் கூடாது. நார்க்கழிவைப் பிளந்துகொண்டு வெள்ளையாக, கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த தண்டு ஒன்றிரண்டு தெரியும், தலை இன்னும் உள்ளேயே இருக்கும். அதைப் பார்த்த அன்றே தாளை எடுத்துவிட்டுத் தட்டை விளக்குக்கடியில் கொண்டுபோய்விடுங்கள். மற்றதும் முளைக்கட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தால், முதலில் முளைத்தது இருட்டில் எம்பி எம்பி விரல் நீளத்துக்குப் போய்விடும்.

விளக்கு

ஊதாவும் சிவப்புமாக மின்னுகிற 'செடி விளக்கு' என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். நாற்றுக்கு அது தேவையில்லை. வீட்டுக்குப் போடுகிற நாலடி எல்.இ.டி. டியூப், 20 வாட், வெள்ளை வெளிச்சம், அட்டையில் 6500 கே என்று போட்டிருக்கும், அப்படி இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் போதும். இரண்டு குழித்தட்டை நீளவாட்டில் வரிசையாக வைத்தால் நாலடிக்குள் கச்சிதமாக அடங்கும்.

எல்லோரும் தவறுவது உயரத்தில்தான். உத்தரத்தில் விளக்கை மாட்டிவிட்டுத் தரையில் தட்டை வைத்தால் நம் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருக்கும், செடிக்கு அது அந்தி நேரம். நாற்றின் உச்சிக்கும் டியூபுக்கும் நடுவில் அரைச் சாண் இடைவெளி இருந்தால் போதும், அதாவது நாலைந்து அங்குலம். இந்த டியூப் அவ்வளவாகச் சுடாது, பயப்பட வேண்டாம். தினமும் விளக்கை ஏற்றி இறக்குவது எரிச்சல் பிடித்த வேலை என்பதால் நான் அதை ஒரே இடத்தில் கட்டிவிட்டு, தட்டுக்கடியில் செங்கல்லும் பலகைத் துண்டுகளும் அடுக்கி வைப்பேன். செடி வளர வளர ஒவ்வொன்றாக உருவிவிட வேண்டியதுதான்.

காலை 5 மணியிலிருந்து இரவு 9 வரை, 16 மணி நேரம். டைமர் பிளக் ஒன்று போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. அதிக வெளிச்சம் நல்லதுதானே என்று இராத்திரியும் எரியவிடாதீர்கள், தக்காளிக்கு இடைவிடாமல் வெளிச்சம் கொடுத்தால் இலை மஞ்சளடித்துப்போகும், அதற்கு இருட்டும் வேண்டும். நடுவில் கரண்ட் போனால் கவலை இல்லை. பூப்பதற்கும் இந்த மணிக்கணக்குக்கும் சம்பந்தம் கிடையாது. தக்காளி பகல் நீளத்தை எண்ணிப் பூக்கிற செடி இல்லை, வயசு வந்தால் தானாகப் பூக்கும்.

செலவு என்னவென்றால், 40 வாட் 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.64 யூனிட், மாதம் 19 யூனிட் சொச்சம். என் மாமியாருக்கு இந்தக் கணக்கை எழுதிக் காட்டிய பிறகுதான் விளக்கு எரிய அனுமதி கிடைத்தது.

சின்ன ஃபேன் ஒன்றைத் தூரத்தில் வைத்து, இலை லேசாக அசைகிற அளவுக்கு ஓடவிடுங்கள். அசைகிற தண்டுதான் தடிக்கும். ஃபேன் இல்லையா, போகிறபோது வருகிறபோது உள்ளங்கையால் உச்சியை மெதுவாகத் தடவிவிட்டுப் போங்கள், அதுவும் பலிக்கும். சாரல் ஈரத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் நாற்றழுகல் வந்துவிடும், நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் இற்று விழுந்து கிடக்கும். தண்ணீரையும் மேலிருந்து ஊற்றாமல், தட்டைத் தாம்பாளத்துத் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்து எடுங்கள், அடியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி எப்போது என்பதற்குத் தட்டைத் தூக்கிப் பாருங்கள், கனமில்லாமல் லேசாக வந்தால் அப்போது.

உரம்

முதலில் விரிகிற இரண்டு இலையும் வித்திலை. அதிலேயே சாப்பாடு இருக்கிறது, அப்போது எதுவும் கொடுக்கக் கூடாது. ஓரம் வெட்டுப்பட்ட மாதிரி, கசக்கினால் தக்காளி வாசம் வருகிற நிஜ இலை இரண்டு விரிந்த பிறகு ஆரம்பியுங்கள்.

அளவு லிட்டருக்கு அரை கிராம் 19:19:19. அரை கிராமை எப்படி நிறுப்பது? நிறுக்கவே வேண்டாம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம் பிடிக்கும். அதை ஒரு லிட்டர் பாட்டிலில் கரைத்துப் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி தண்ணீரில் கலந்தால் அரை கிராம் கணக்கு வந்துவிடும். நான் முதல் வருஷம் டம்ளரில் கலக்கியது இதைப்போல 40 மடங்கு, கருகாமல் என்ன செய்யும்.

வாரம் ஒரு முறை, ஈரமாக இருக்கிற வேருக்கு மட்டும். காய்ந்த தட்டில் உரத்தண்ணீர் விட்டால் வேர் வெந்துவிடும். இரண்டு வாரம் கழித்து லிட்டருக்கு ஒரு கிராம் வரை போகலாம்.

கொடுப்பதற்கு முன்னால் செடியைப் பாருங்கள். தண்டு தடியாக இருந்து இலை மட்டும் கீழிருந்து வெளிறினால் பசி. இலை கரும்பச்சையாகி ஓரம் பழுத்தால் ஏற்கெனவே அதிகம் கொடுத்துவிட்டீர்கள், அடுத்த முறை வெறும் தண்ணீர். இலைக்கடியில் ஊதா படர்ந்தால் பெரும்பாலும் குளிரில் வேர் மணிச்சத்தை எடுக்க முடியாமல் திணறுகிறது, உரம் கூட்டினால் தீராது, தட்டை வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றுங்கள். தண்டு நீண்டு சாய்ந்தால் என்ன செய்வது என்று இனிமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மிளகாய்க்கும் இதே முறைதான், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். முளைக்கவே இரண்டு வாரம் ஆகலாம், நடுவதற்கு 40 நாள்.

வெளியே கொண்டுபோவது

தக்காளி 25 முதல் 30 நாளில் தயார். அதற்கு ஒரு வாரம் முன்பே தட்டை வெளியே பழக்குங்கள், முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. சாரல் நேரடியாக அடிக்காத தாழ்வாரம் நல்லது. விளக்கில் வளர்ந்தவை, திடீரென்று வெயில் வெளுத்து வாங்கினால் இலை வெள்ளையாகிவிடும்.

இவ்வளவு செய்தும் சில நாற்று நீண்டுபோயிருந்தால் தூக்கி எறியாதீர்கள். தக்காளியை வித்திலை வரைக்கும் மண்ணுக்குள் இறக்கி நடலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். மிளகாயில் இந்த வித்தை அவ்வளவாகச் செல்லாது. நடுவதற்குச் சாயங்காலம்தான் தோது, மறுநாள் காலை தலை தொங்கியிருந்தாலும் பதறிப்போய் உரப் பாட்டிலை மட்டும் எடுத்துவிடாதீர்கள், இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும்.