கல்யாணப் பட்டுக் கடையில் கமிஷன் வேலை: புதிதாகச் சேருகிறவர்களுக்கு

தி.நகரில் ஒரு பட்டுக் கடையின் முகூர்த்தப் புடவைப் பிரிவில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் கொஞ்சம், மீதி எல்லாம் கமிஷன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி இதே வேலைக்குச் சேரப் போகிறேன், "என்னக்கா கத்துக்கணும்?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். புடவை மடிப்பது, ஸ்லிப் எழுதுவது எல்லாம் கடையிலேயே இரண்டு நாளில் வந்துவிடும்.

முதல் படி: சேரும் முன்பே கேளுங்கள்

எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தள்ளுபடி போன பிறகு உள்ள தொகைக்கா, முன்பு உள்ளதற்கா? வாடிக்கையாளர் பிறகு புடவையை மாற்றிக்கொண்டு போனால் கமிஷனில் பிடிப்பார்களா? எந்தத் தேதியில் கையில் வரும்? ஒரு குடும்பம் இரண்டாவது முறை வந்தால் யார் கணக்கு? கடைசிக் கேள்விதான் முக்கியம், கீழே வருகிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. அந்த மாதங்களில் கமிஷன் இறங்கும், அதனால் நிலையான சம்பளம் வீட்டு வாடகைக்காவது காணுமா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இரண்டாம் படி: புடவையைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள்

முன்பக்கம் எல்லாப் புடவையும் அழகுதான். காஞ்சிபுரத்துக் கோர்வையில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறம், தனித்தனி நாடாவில் (தறியில் குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டை) நெய்து கோத்திருப்பார்கள், அந்தக் கோத்த இடம் பின்பக்கத்தில் தெரியும். பேட்னி என்பது வேறு நிற முந்தியை உடலோடு இணைக்கிற முறை; அது போட்ட புடவையில் முந்தி உடலோடு சேரும் இடத்தை விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டும். அந்த இடத்தை வாடிக்கையாளர் விரலுக்கே காட்டிவிடுங்கள், விலை ஏன் கூடுதல் என்று அதற்குமேல் விளக்க வேண்டியதே இல்லை.

ஜரிகையில் கவனம். அசல் ஜரிகைக்குள் பட்டு நூல், அதன் மேல் வெள்ளி, அதற்கு மேல் தங்க முலாம். டெஸ்டட் ஜரிகை என்றால் வெள்ளிக்குப் பதில் செம்பு. சில்க் மார்க் அட்டை பட்டு சுத்தம் என்று மட்டும்தான் சொல்லும், ஜரிகைக்கு அது சாட்சி இல்லை. இதைத் தெரியாமல் "எல்லாம் ஒரிஜினல்மா" என்று வாய் விடாதீர்கள். டெஸ்டட் என்றால் டெஸ்டட் என்றே சொல்லுங்கள். எடை குறைவு, விலை குறைவு, நிறைய பேர் அதைத்தான் எடுக்கிறார்கள்.

மூன்றாம் படி: யார் முடிவு செய்கிறார்கள்

எட்டுப் பேர் வருவார்கள். பெண் வாயே திறக்காது. "பட்ஜெட் எவ்வளவு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் மூஞ்சி சுருங்கிவிடும். "முகூர்த்தம் என்னைக்குமா? நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தாச்சா? ரிசெப்ஷனுக்கு?" என்று கேளுங்கள், கணக்கு தானாக வரும். பல வீடுகளில் கூரைப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு, அதனால் பணம் கொடுக்கிறவர் ஒருவர், கட்டுகிறவர் ஒருவர், வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ள பாட்டி ஒருவர். பாட்டிக்கு முதலில் நாற்காலி போடுங்கள். பெண்ணைத் தனியாகக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, தோளில் போட்டு, வாசல் பக்கம் கூட்டிப்போய் வெயில் வெளிச்சத்திலும் காட்டுங்கள். கடை விளக்கில் அரக்கு தெரிவது ஒரு மாதிரி, வெளியே வேறு மாதிரி.

நான்காம் படி: நோட்டுப் புத்தகம்

இதில்தான் நான் அடிபட்டேன். சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு குடும்பத்துக்கு மூன்று மணி நேரம் நாற்பது புடவை பிரித்துக் காட்டினேன். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் பிடித்துவிட்டது, அத்தையைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு வருகிறோம் என்று போனார்கள். ஞாயிறு வந்தபோது நான் மேல் மாடியில் வேறு குடும்பத்தோடு இருந்தேன். பக்கத்து ஆள் அதே புடவையை எடுத்துக் கொடுத்து, கூடவே ஐந்து புடவை சேர்த்து, 1,40,000 ரூபாய் பில் போட்டார். ஸ்லிப்பில் அவருடைய ஊழியர் கோடு நம்பர். எங்கள் கடையில் நூற்றுக்கு ஒரு ரூபாய், ஆக 1,400 ரூபாய் அவருக்கு. அவர் மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. அன்று ராத்திரி மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து இப்படிச் செய்கிறேன். குடும்பம் கிளம்பும்போது கடை கார்டின் பின்னால் என் பெயர், என் கோடு நம்பர், பிடித்த புடவையின் ஐட்டம் நம்பர் மூன்றையும் எழுதி, பெண்ணின் அம்மா கையில் கொடுப்பேன். "வந்ததும் இதைக் காட்டுங்கம்மா, நான் எங்கே இருந்தாலும் வந்துடுவேன்." பிறகு என் நோட்டில் பெண் பெயர், முகூர்த்தத் தேதி, பிடித்தது, வேண்டாம் என்றது. அன்று மாலையே சூப்பர்வைசரிடம் வாயால் ஒரு வார்த்தை. மூன்றும் வேண்டும், ஒன்று விட்டாலும் சண்டைதான் வரும்.

நோட்டு என்றால் பாக்கெட்டில் அடங்கும் சின்ன நோட்டு. போனில் எழுதலாமே என்பார்கள். எங்கள் மாடியில் போன் எடுக்கக் கூடாது, எடுக்கலாம் என்றாலும் வாடிக்கையாளர் எதிரில் போனைத் தட்டுவது மரியாதையாக இல்லை. அப்புறம், தோளில் புடவை நிற்க ஊக்கு குத்தாதீர்கள், பட்டில் ஓட்டை நிற்கும். துணி கிளிப் போதும்.

பிறகு சேர்த்தது: படித்துவிட்டு ஒரு தங்கை, நாள் முழுக்க நின்றே ஆகணுமா என்று கேட்டிருந்தாள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார்கள். ஆள் இல்லாத நேரம் உட்காருங்கள், அதற்குக் கூச்சமே வேண்டாம்.

இன்னொருவர் கேட்டது: மாப்பிள்ளை வீட்டார் தனியாக வந்தால்? நோட்டில் முகூர்த்தத் தேதியையும் எழுதச் சொல்வது இதற்குத்தான். தேதியைக் கேட்டதும், "பொண்ணு வீட்டுக்காரங்க போன வாரம் வந்தாங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பி, பெண் வேண்டாம் என்ற நிறத்தை மட்டும் ஓரமாக வைத்துவிட்டு, மீதியைப் பிரியுங்கள்.