பெயர் தெரியாத மெழுகுப்பூக் கொடி: எருக்கம்பூ கொடுத்த துப்பு

கைமாறி வந்த தொட்டிக்கொடி. தடித்த, வழவழப்பான இலை. செல்போன் செயலியில் இலையை மட்டும் படம் எடுத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொன்னது. இந்த மாதிரி செடிகளில் இலையை மட்டும் நம்பவே கூடாது.

முதலில் கணுவைப் பார்த்தேன்: இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே. காம்பைக் கிள்ளியதும் வெள்ளைப் பால் வடிந்தது (கையை உடனே கழுவுங்கள், கண்ணில் படக்கூடாது). முடிவு சொன்னது பூதான். ஒரே காம்பு நுனியில் குடைபோல இருபது பூ. ஒவ்வொன்றும் மெழுகில் வார்த்த ஐந்து முனை நட்சத்திரம், அதன் மேல் இன்னொரு சின்ன நட்சத்திரம், நடுவில் சிவப்பு. எருக்கம்பூவின் நடுவே கிரீடம்போல நிற்குமே, அதே அமைப்பு. இரண்டும் ஒரே குடும்பம். இது ஹோயா கார்னோசா. இரவில் வாசனை தூக்கும்.

பெயர் தெரிந்ததும் அடுத்த சிக்கலும் அவிழ்ந்தது. வாடிய பூவோடு கொத்தைத் தாங்கும் குட்டைக்காம்பையும் நறுக்கிவிட்டதால்தான் மறுபடி பூக்கவில்லை. அடுத்த கொத்து பழைய காம்பிலிருந்தே வரும். இப்போது உதிர்ந்த பூவை மட்டும் எடுக்கிறேன். இலையில்லாமல் நீளும் கொடியையும் வெட்டுவதில்லை, இலை பிறகு வரும்.

தொட்டிக் கலவை: கோகோபீட் (தென்னை நார்த்தூள்), பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல்துகள்), மரப்பட்டைத் துண்டு சம அளவு. கிழக்கு ஜன்னல். கலவையின் மேல் 2 அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். 4 அங்குலத் தொட்டியிலிருந்து 5-க்கு மாற்றினால் போதும். நேரே 8-க்குப் போனால் ஈரம் தங்கி வேர் அழுகும்.