லோகஸ்ட்டில் பரிவர்த்தனை நேரத்தை நாமே கோட் எழுதி அளப்பது எப்படி?

ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி ஒரு விரலி மஞ்சள் லாட்டைத் திறக்கிறார், குவிண்டாலுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார், 'பதிவானது' என்று திரையில் வரும்வரை காத்திருக்கிறார். பின்னால் விலையை அனுப்ப ஒரு கோரிக்கை போகிறது. சர்வர் அதை வரிசையில் போட்டுவிடுவதால், 'ஆச்சா, ஆச்சா' என்று நிலையைக் கேட்டு இன்னும் ஏழெட்டு போகின்றன. பல பேர் ஒரே நேரத்தில் தளத்துக்கு வருவதுபோல் கோரிக்கைகளை அனுப்பிச் சோதிக்கும் பைத்தான் கருவிதான் லோகஸ்ட். அது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நேரம் காட்டும். எல்லாம் 100 மில்லிசெகண்டுக்குள் அழகாக இருக்கும். வியாபாரி மட்டும் நாலு செகண்ட் முழித்துக்கொண்டு நிற்பார். அந்த நாலு செகண்ட், அதாவது பரிவர்த்தனையின் முழு நேரம், லோகஸ்ட் அட்டவணையில் எந்த வரியிலும் வராது. அதற்குத்தான் சொந்தக் கோட்.

பைத்தான் அடிப்படை தெரிந்தால் போதுங்க. ஃபங்ஷன் பெயர்களை இங்கே உச்சரிப்பில் தருகிறேன், ஃபைலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே இருக்கட்டும், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். உங்கள் டீம் லீட் ஏற்பாரா என்பது வேறு கதை.

படி 1. பிப் மூலம் லோகஸ்ட்டை இன்ஸ்டால் செய்யுங்கள். எச்டிடிபியூசர் கிளாஸ் ஒன்று, அதற்குள் டாஸ்க் என்று குறியிட்ட 'விலை_போடு' ஃபங்ஷன் ஒன்று. இப்போதைக்கு இவ்வளவுதான்.

படி 2. நேரத்தை எங்கே எண்ணத் தொடங்குவது? பாதி வேலை இந்த முடிவில்தான் இருக்கிறது. லாட்டைத் திறந்த வியாபாரி, என்ன விலை போடலாம் என்று கொஞ்ச நேரம் யோசிப்பார். ஸ்கிரிப்ட்டில் அதற்கு ஒரு ஸ்லீப் வைத்திருப்பீர்கள். அது அவருடைய நேரம், சர்வர் மேல் எழுதக்கூடாது. ஆகவே அந்த ஸ்லீப் முடிந்த பிறகு, விலையை அனுப்பும் வரிக்கு நேர் மேலே:

தொடக்கம் = டைம்.பெர்ஃப்_கவுண்டர்()

டைம்.டைம்() வேண்டாம். அது கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்க்கிறது. டெஸ்ட் நடுவே அந்தக் கடிகாரம் திருத்தப்பட்டால் கணக்கு கோணலாகிவிடும். பெர்ஃப் கவுண்டர் பின்னோக்கிப் போகாது.

படி 3. முடிவு எங்கே? நிலை 'பதிவானது' என்று வரும்வரை ஒரு லூப்பில் கேளுங்கள், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை செகண்ட் ஸ்லீப். இந்த ஸ்லீப்பைக் கழிக்காதீர்கள். வியாபாரியும் அவ்வளவு நேரம் காத்துத்தான் நிற்கிறார். இடைவெளி அரை செகண்ட் என்றால், சர்வர் வேலை முடித்த பிறகும் அரை செகண்ட் வரை கூடுதலாக அளவில் ஏறலாம். உங்கள் இணையப் பக்கம் எத்தனை செகண்டுக்கு ஒருமுறை கேட்கிறதோ, அதே இடைவெளியை ஸ்கிரிப்ட்டிலும் வையுங்கள். 30 செகண்ட் தாண்டினால் லூப்பை விட்டு வெளியே வர ஒரு வரம்பும் வேண்டும்.

படி 4. தோல்வியைப் பிடிப்பது. சர்வர் 500 என்ற பிழை எண்ணைத் திருப்பியனுப்பினால் லோகஸ்ட் அந்தக் கோரிக்கையைத் தோல்வி என்று குறித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் ஃபங்ஷன் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். முதலில் 'தவறு = நன்' என்று வைத்துக்கொண்டு, ஸ்டேட்டஸ் கோட் சரியில்லை என்றாலோ வரம்பு தாண்டினாலோ 'தவறு'க்குள் ஓர் எக்ஸெப்ஷனைப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால், 20 மில்லிசெகண்டில் கதவைச் சாத்திய சர்வர்கூட படுவேகமான சர்வராகத் தெரியும்.

படி 5. அளந்ததை லோகஸ்ட்டிடம் ஒப்படைப்பது:

செல்ஃப்.என்விரான்மென்ட்.ஈவென்ட்ஸ்.ரிக்வெஸ்ட்.ஃபயர்(
  ரிக்வெஸ்ட்_டைப்="ஏலம்",
  நேம்="விலை பதிவு",
  ரெஸ்பான்ஸ்_டைம்=(டைம்.பெர்ஃப்_கவுண்டர்() - தொடக்கம்) * 1000,
  ரெஸ்பான்ஸ்_லெங்த்=0,
  எக்ஸெப்ஷன்=தவறு,
  கான்டெக்ஸ்ட்={})

1000-ஆல் பெருக்குவது ஏனென்றால், பெர்ஃப் கவுண்டர் செகண்டில் தருகிறது, லோகஸ்ட் மில்லிசெகண்டில் கேட்கிறது. பெயரில் லாட் நம்பரைச் சேர்க்காதீர்கள். லாட்டுக்கு ஒரு வரி என்று அட்டவணை நீண்டுவிடும்.

படி 6. லோகஸ்ட்டை ஓட்டி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8089 போர்ட்டைத் திறங்கள். முதலில் ஒரே ஒரு யூசர். 'விலை பதிவு' வரி, அனுப்பிய கோரிக்கை, நிலை கேட்டவை, நடுவில் விட்ட ஸ்லீப் எல்லாம் சேர்ந்த அளவுக்கு ஏறக்குறைய வருகிறதா என்று பாருங்கள். வந்தால் யூசர்களைக் கூட்டலாம்.

கூட்டிய பிறகு கீழே வரும் மொத்த வரியை நம்ப வேண்டாம். உங்கள் பரிவர்த்தனையும் அதற்குள் இருந்த கோரிக்கைகளும் இரண்டுமே அதில் எண்ணப்பட்டிருக்கும். 'ஏலம்' வகை வரியை மட்டும் எடுத்து, சராசரியை விட்டுவிட்டு 95-வது பெர்சென்டைலை, அதாவது நூற்றில் 95 முறை எத்தனை நேரத்துக்குள் முடிந்தது என்பதைப் பாருங்கள். பக்கத்திலேயே தோல்வி எண்ணிக்கையையும் பாருங்கள், தோற்றவற்றின் நேரமும் அதே கணக்கில்தான் சேர்கிறது.

சிபியூ 90 சதவீதத்தைத் தாண்டியது என்று லோகஸ்ட் எச்சரித்தால் அந்த ரன்னைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தாமதம் சர்வருடையதா உங்கள் லேப்டாப்புடையதா என்று பிரிக்க முடியாது. ஒரு பைத்தான் ப்ராசஸ் ஒரு சிபியூ கோர்-ஐத்தான் முழுதாகப் பயன்படுத்தும். லினக்ஸில் ப்ராசஸஸ் ஆப்ஷனில் 4 என்று கொடுத்துப் பிரித்து ஓட்டுங்கள்.